இன்ஜின் மட்டும் கிடைத்திருந்தால்: மருத் மாடல் செய்யும் தம்பிக்கு அக்காவின் டிப்ஸ்

தம்பி, நடக்காத சரித்திரத்துப் போர் விமானம் ஒன்று செய்யணும் என்று முடிவு பண்ணிவிட்டாய். நல்லது. கட்டரைக் கையில் எடுப்பதற்கு முன்னால் ஒரு தாளில் மூணு கேள்விக்குப் பதில் எழுது. இது எந்த வருஷம்? நிஜத்தில் நடந்ததில் எந்த ஒரு விஷயத்தை மாற்றுகிறாய்? அதனால் விமானத்தில் எந்தப் பாகம் மாறும்? இதற்குப் பதில் இல்லாவிட்டால், கிடைத்த ஏவுகணையை எல்லாம் கண்ட இடத்தில் ஒட்டின பொம்மைதான் கடைசியில் மிஞ்சும். ஒன்றை மட்டும் மாற்று. மீதி அத்தனையும் நிஜத்தில் இருந்தபடியே இருக்கட்டும். பார்க்கிறவன் ஒரு நிமிஷமாவது ‘இப்படி ஒண்ணு இருந்துச்சோ’ என்று சந்தேகப்படணும். அப்போதுதான் உன் வேலை ஜெயித்தது.

வெளிநாட்டில் இதைச் செய்கிறவர்கள், கனடா 1959-ல் கைவிட்ட ஆவ்ரோ ஆரோவையும், பிரிட்டன் 1965-ல் நிறுத்திய டி.எஸ்.ஆர்.–2-வையும் விதவிதமாகச் செய்து பார்க்கிறார்கள். நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டிய அவசியமே இல்லை. பெங்களூரு எச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலையில் பிறந்த எச்.எஃப்.–24 மருத் இருக்கிறது. ‘மட்டும்’ என்ற ஒரு வார்த்தையில் வாழ்க்கை திசைமாறிப்போன விமானம் அது.

முதலில் நிஜக் கதை

இதைத் தெரிந்துகொள்ளாமல் மாற்றுக் கதை எழுத முடியாது. இரண்டாம் உலகப்போரில் பேர்போன ஃபோக்கே–வுல்ஃப் 190 விமானத்தை வடிவமைத்த ஜெர்மானியர் குர்ட் டாங்க். நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு அவர் அவ்வளவு அந்நியரும் இல்லை. அப்துல் கலாம் தான் படித்த குரோம்பேட்டை எம்.ஐ.டி.யைப் பற்றி எழுதும்போது அவர் பெயரைச் சொல்லியிருக்கிறார். டாங்க் 1956-ல் எச்.ஏ.எல்.-லில் வேலையைத் தொடங்கினார். 1959-ல் முழு அளவில் மரத்திலேயே ஒரு கிளைடர் செய்து, டகோட்டா விமானத்தின் பின்னால் இழுத்துக்கொண்டுபோய்ப் பறக்கவிட்டுச் சோதித்தார்கள். மாடல் செய்கிற நீ இதைக் கட்டாயம் நினைவில் வைக்கணும். மருத்தே முதலில் ஒரு மரத்து மாடலாகத்தான் ஆகாயம் ஏறியது!

1961 ஜூன் 17 அன்று சோதனை விமானி சுரஞ்சன் தாஸ் நிஜ மருத்தை முதன்முதலாக ஓட்டினார். மொத்தம் 147 விமானங்கள் செய்தார்கள். அதில் 18 இரண்டு இருக்கைப் பயிற்சி விமானங்கள். 1971 போரில் ராஜஸ்தான் பக்கம் நன்றாகவே உழைத்தது. 1990-ல் ஓய்வு கொடுத்துவிட்டார்கள்.

குறை ஒன்றே ஒன்றுதான். ஒலியைப் போல இரண்டு மடங்கு வேகத்தை மனதில் வைத்து வரைந்த உடம்பு அது. அதற்கென்று எண்ணிவைத்திருந்தது ஆர்ஃபியஸ் 12 என்ற பிரிட்டிஷ் இன்ஜின். ஆஃப்டர்பர்னர், அதாவது பின்னால் போகும் புகையிலேயே மறுபடியும் எரிபொருளைத் தெளித்து எரிக்கிற அமைப்பு, அதோடு சேர்த்துக் கணக்குப் போட்டால் ஒவ்வொன்றும் சுமார் 3,700 கிலோ உந்துவிசை தரும். நேட்டோ பக்கத்துத் தேவை கைவிட்டுப்போனதும், அந்த இன்ஜினை உருவாக்கி முடிக்கிற செலவை யார் ஏற்பது என்ற கேள்வி வந்தது. டெல்லி ஏற்கவில்லை. மருத்துக்குக் கடைசிவரை வாய்த்தது ஆஃப்டர்பர்னர் இல்லாத, சுமார் 2,200 கிலோ மட்டும் தருகிற ஆர்ஃபியஸ் 703 இரண்டு. ஒலி வேகத்தை ஒட்டியே விமானம் நின்றுபோச்சு. என்னைக் கேட்டால் அந்தக் கஞ்சத்தனம் ரொம்பப் பெரிய நஷ்டம். 2001 ஜனவரி 4-ல் தேஜஸ் முதன்முதலாகப் பறந்தபோதும் அதற்குள் இருந்தது அமெரிக்க இன்ஜின்தான் என்பதை நினைத்தால் கோபம் கூடத்தான் செய்யும்.

எந்தக் கிளையில் திரும்பப்போகிறாய்?

இந்தக் கதையில் மூணு இடத்தில் பாதை பிரிகிறது. ஒன்றில் மட்டும் திரும்பு.

முதல் கிளை: ஆர்ஃபியஸ் 12-க்கு இந்தியா பணம் கொடுத்துவிட்டது. அப்படியானால் உன் மருத் 1960-களின் கடைசியில் படையில் இருக்கிறது, 1971-ல் ராஜஸ்தானில் பறக்கிறது. ஆயுதமும் அந்தக் காலத்தியதுதான். மிக்–21-ஓடு நமக்கு வந்த கே–13 ஏவுகணை மாட்டலாம். அதற்குமேல் ஆசைப்படாதே.

இரண்டாவது கிளை எகிப்து வழி. அங்கே மெஸ்ஸர்ஷ்மிட் வடிவமைத்த எச்.ஏ.–300 விமானத்துக்காக, ஃபெர்டினாண்ட் பிராண்ட்னர் என்ற ஆஸ்திரியர் ஈ–300 இன்ஜினைச் செய்துகொண்டிருந்தார். அதைச் சோதித்துப் பார்க்க நாம் ஒரு மருத்தையே அனுப்பிவைத்தோம். 1967 மார்ச்சில் அது ஈ–300 இன்ஜினோடு பறந்தும் காட்டியது. அதே வருஷம் ஜூனில் எகிப்துக்கு இஸ்ரேலோடு போர். 1969-ல் எச்.ஏ.–300 திட்டத்தையே மூடிவிட்டார்கள். மூடாமல் இருந்திருந்தால்? நேருவும் நாசரும் தோள்மேல் கைபோட்டு நின்ற காலத்தின் விமானமாக அதைச் செய்யலாம். மணல் நிறம் பூசி, சிவப்பு–வெள்ளை–கறுப்பு வட்டத்துக்குள் இரண்டு பச்சை நட்சத்திரம் வைத்து எகிப்து மருத்தாகவே நிறுத்தலாம். யாரும் அதிகம் தொடாத பக்கம் இது. தைரியம் இருந்தால் எடு.

மூணாவது, எச்.எஃப்.–73. மருத்தின் அடுத்த தலைமுறையாக எச்.ஏ.எல். யோசித்தது. டொர்னேடோ விமானத்தின் ஆர்.பி.199 இன்ஜினைப் போட நினைத்தார்கள், கைகூடவில்லை. 1978-ல் ஜாகுவாரை வாங்க முடிவாச்சு. இந்தக் கிளையில் போனால் உன் விமானம் 1980-களில் நிற்கும். அந்த வருஷங்களில் நம் ஜாகுவாருக்கு வந்த மாத்ரா மேஜிக் ஏவுகணையை இதற்கும் தாராளமாக மாட்டிக்கொள். ஆனால் உடம்பை நிறைய மாற்றி வரையணும். முதல் தடவை செய்கிறவனுக்கு நான் இதைச் சொல்லமாட்டேன்.

உனக்கு நான் சொல்வது முதல் கிளை. இனி எழுதப்போவதெல்லாம் அதற்குத்தான்.

அளவு எடுப்பது

நிஜ மருத் 15.87 மீட்டர் நீளம், இறக்கை நுனியிலிருந்து நுனிவரை 9 மீட்டர், உயரம் 3.6 மீட்டர். 1/72 அளவில் செய்தால் நீளம் 22 செ.மீ., அகலம் 12.5 செ.மீ. வரும். 1/48-ல் நீளம் 33.1, அகலம் 18.75. பிளாஸ்டிக் கிட் வாங்கி ஒட்டுகிறவர்களுக்கு 72 சரி. மருத்துக்கு நல்ல கிட் கடையில் சுலபத்தில் கிடைக்காது. கிடைத்தாலும் நம் கைக்கு எட்டுகிற விலையில் இருக்காது. அட்டையில் நாமே செய்வதற்கு 48 எடு. கைக்கு அடங்கும், சின்னப் பாகம் கண்ணுக்கும் தெரியும்.

மேலிருந்து, பக்கவாட்டில், முன்னாலிருந்து பார்க்கிற மூணு படமும் உள்ள ஒரு வரைபடத்தை எடுத்துக்கொண்டு ஜெராக்ஸ் கடைக்குப் போ. படத்தில் விமானம் 18 செ.மீ. நீளம் இருந்தால், 33.1-ஐ 18-ஆல் வகுத்து நூறால் பெருக்கு. 184 சதவீதம் என்று கடைக்காரரிடம் சொல். ஏ3 தாளில் அடங்கிவிடும். பிரதி கைக்கு வந்ததும் நீளத்தோடு நிறுத்தாமல் அகலத்தையும் ஸ்கேல் வைத்துப் பார். சில மெஷின் தாளை ஒரு பக்கமாக லேசாக இழுத்துவிடும். அகலம் 18.75 வராவிட்டால் அந்தப் பிரதி வேண்டாம். இல்லையென்றால் இறக்கை ஒட்டும் நாளில்தான் வித்தியாசம் தெரியும்.

நேரில் பார்க்க வாய்ப்பு வந்தால் விடாதே. நம்ம சங்கரன்கோவிலில் பொதிகை எக்ஸ்பிரஸில் ஏறினால் விடிந்ததும் சென்னை. கோட்டூர்புரத்தில் பெரியார் அறிவியல் தொழில்நுட்ப மையத்தில் ஒரு மருத் நிற்கிறது. பெங்களூரு போனால் கஸ்தூர்பா சாலையில் விஸ்வேஸ்வரய்யா அருங்காட்சியகத்திலும், எச்.ஏ.எல். அருங்காட்சியகத்திலும் பார்க்கலாம். படம் எடுக்கும்போது கிட்டே போய் எடுக்காதே. மூக்கு வீங்கி, வால் சுருங்கித் தெரியும். தள்ளி நின்று ஜூம் பண்ணி, நேர் பக்கவாட்டில் ஒன்று, நேர் பின்னால் ஒன்று, சக்கரக் குழி ஒன்று. கடைசி இரண்டும் வரைபடத்தில் தெளிவாகக் கிடைக்காதவை. வெளியில் நிற்கிற விமானங்களுக்கு அவ்வப்போது புதுப் பெயின்ட் அடிப்பார்கள், அதனால் அங்கே பார்க்கிற நிறத்தை மட்டும் அப்படியே நம்பிவிடாதே.

நம்ம ஊர்ச் சரக்கு

ஆன்லைனில் பால்சா மரம் வாங்கணும் என்று அம்மாவிடம் காசு கேட்காதே. சங்கரன்கோவிலில் இருந்துகொண்டு அட்டைக்கு அலைகிறவன் யாரும் இல்லை. சேலைக்குள் மடித்துவைக்கிற அட்டை ஜவுளிக்கடையில் கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள். ஒரே சீராக, மடிப்பில்லாமல் இருக்கும். இறக்கைக்கு அதைவிட நல்லது வேண்டாம். முதுகெலும்புக்குத் தினசரி காலண்டரின் அட்டை. சிவகாசிக்காரர்கள் புண்ணியத்தில் தை பிறந்ததும் வீட்டுக்கு வீடு ஒன்று கழியும். உடம்பின் மேல்தோலுக்குக் கல்யாணப் பத்திரிகை. வழவழப்பான ஆர்ட் அட்டையாகப் பார்த்து எடுத்து, அச்சில்லாத பக்கத்தை வெளியே வை. சரிகை எழுத்து உள்ள இடம் மட்டும் வேண்டாம். அதன்மேல் பெயின்ட் நிற்காது.

ஒட்டுவதற்கு ஃபெவிகால், அவசரத்துக்கு ஃபெவிக்விக், பள்ளம் விழுந்த இடத்துக்கு எம்–சீல். தெர்மாகோல் ஒரு துண்டு. உப்புத்தாள் 120-ம் 220-ம், டூவீலருக்குப் பெயின்ட் அடிக்கிறவரிடம் 600 நம்பர் வாட்டர் பேப்பர். கட்டரில் பிளேடு மழுங்கினால் ஒடித்துவிட்டுப் புது முனையில் வெட்டு. மழுங்கின பிளேடுதான் வழுக்கி விரலில் ஏறும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. தறி ஓடுகிற ஊர், எங்கே திரும்பினாலும் பஞ்சும் நூல் கழிவும் கிடக்கும். சிந்தின ஃபெவிக்விக்கைப் பஞ்சாலோ பருத்தித் துணியாலோ துடைக்காதே. ஃபெவிக்விக் பருத்தியில் பட்டால் குப்பென்று சூடேறும், புகை வரும், தோலில் ஒட்டியிருந்தால் சுட்டுக் கொப்பளித்துவிடும். வேட்டி, பாவாடை மடியில் வைத்து ஒட்டுகிற பழக்கமும் வேண்டாம். மேஜைமேல் பிளாஸ்டிக் ஷீட் விரித்து வேலை பார்.

உடம்பு

பக்கவாட்டுப் படத்தைக் காலண்டர் அட்டையில் ஒட்டி அப்படியே வெட்டினால் முதுகெலும்பு. அதற்குக் குறுக்கே, விமானத்தின் தடிமனுக்கு ஏற்ற விலாக்கள். இடையில் இருக்கிற பள்ளத்தைத் தெர்மாகோல் துண்டால் நிரப்பி, விலா மட்டத்துக்கு உப்புத்தாளால் தேய். அதன்மேல் நியூஸ் பேப்பர் கீற்றை ஃபெவிகாலில் நனைத்து இரண்டு அடுக்கு. காய்ந்ததும் பத்திரிகை அட்டையைக் கீற்றாக வெட்டித் தோல் போர்த்து. பேப்பர் அடுக்கைச் சோம்பேறித்தனமாக விட்டுவிடாதே. ஸ்ப்ரே பெயின்டில் இருக்கிற தின்னர் தெர்மாகோலைத் தொட்டால் கரைத்துவிடும். வெளியே அழகாக இருக்கும், உள்ளே பொந்து விழுந்துவிடும்.

மூடுவதற்கு முன்னால் மூக்கில் எடை வை. நாலைந்து இரும்பு நட்டைத் துணிபோலச் சுருட்டின பேப்பரில் பொதிந்து எம்–சீலால் பதி. மருத்துக்கு முன்னால் ஒரு சக்கரம், பின்னால் இரண்டு. வாலில் நாம் பெரிய இன்ஜின் வைக்கப்போகிறோம். எடை வைக்காவிட்டால் வாலை ஊன்றி வானத்தைப் பார்த்து உட்கார்ந்துகொள்ளும்.

ஃபெவிகால் நம்ம வெயிலுக்குச் சீக்கிரம் காயும். அதற்காக மொட்டைமாடியில் கொண்டுபோய் வைத்துவிடாதே. ஒரு பக்கம் மட்டும் காய்ந்தால் அட்டை முறுக்கிக்கொள்ளும். இறக்கையை இரண்டு டைல்ஸ் துண்டுக்கு நடுவில் வைத்து மேலே எடை ஏற்றி, நிழலில் ஒரு ராத்திரி விட்டுவிடு. இடது, வலது இரண்டையும் ஒரே நாளில், ஒரே அட்டையில் வெட்டு. தனித்தனி நாளில் செய்த இரண்டு இறக்கை ஜோடி சேர்ந்து நான் பார்த்ததில்லை.

இறக்கையின் பின்விளிம்பில் நிறையப் பேர் கோட்டைவிடுகிறார்கள். 1/48-ல் ஒரு மில்லிமீட்டர் என்பது நிஜத்தில் கிட்டத்தட்ட 5 செ.மீ. சும்மா வெட்டிவிட்ட அட்டை விளிம்பு, நிஜ விமானத்தில் கதவுப் பலகை மாதிரி இருக்கும். விளிம்பில் ஃபெவிக்விக்கை ஓடவிட்டுக் கெட்டியாக்கு, காய்ந்ததும் அடிப்பக்கத்திலிருந்து மட்டும் தேய்த்துக் கத்தி விளிம்பாகக் கொண்டுவா. ஃபெவிக்விக் ஆவி கண்ணை எரிக்கும், ஜன்னல் ஓரம் உட்கார்.

வால்: உன் கற்பனை வேலை செய்யவேண்டிய இடம்

இனிமேல்தான் மருத் உன்னுடைய மருத் ஆகிறது. நிஜத்திலும் ஆஃப்டர்பர்னர் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். பெங்களூரு ஜி.டி.ஆர்.இ. ஆய்வுக்கூடம் ஆர்ஃபியஸ் 703-க்கு ஆஃப்டர்பர்னர் சேர்த்தது. அந்த விமானத்துக்குப் பெயர் மருத் 1ஆர். இன்ஜின் தள்ளுவது கூடியது, ஆனால் அதற்காக வாலைப் பெருக்கியதால் பின்னால் தட்டையான பரப்பு கூடி, காற்று அங்கே சுழன்று பிடித்து இழுத்தது. கூடின பலத்தில் நல்ல பங்கு அந்த இழுவைக்கே போய்விட்டது.

ஆகவே, பெரிய குழாய் இரண்டை வாலில் செருகிவிட்டால் ஆச்சு என்று நினைக்காதே. டாங்க் இருந்திருந்தால் அந்தத் தட்டைப் பரப்பை எப்படிக் குறைத்திருப்பார் என்று யோசி. என் யோசனை: வாலை அரை சென்டிமீட்டர் நீட்டு (நிஜத்தில் 24 செ.மீ.). இரண்டு குழாய்க்கும் நடுவில் இருக்கிற தட்டையான இடத்தில் எம்–சீலை வைத்து, பின்னால் போகப்போகக் கூர்ந்து மெலிகிற ஆப்பு மாதிரி ஒரு நாக்கு இழு. மேல் நாக்கும் கீழ் நாக்கும் குழாய் வாயைத் தாண்டிச் சற்றே நீளட்டும். விஷயம் தெரிந்தவன் பின்னாலிருந்து பார்த்தால் ‘ஓ, இவனுக்கு அந்த இழுவைச் சமாச்சாரம் தெரிஞ்சிருக்கு’ என்பான். அந்த ஒரு நாக்குதான் உன் மாடலின் கதை முழுவதையும் சொல்லும்.

குழாய்க்கு: ஆர்ஃபியஸ் இன்ஜினின் விட்டம் 82 செ.மீ. சொச்சம், நம் அளவில் 17 மி.மீ. ஒயிட்போர்டு மார்க்கர் பேனாவின் உடம்பு ஏறக்குறைய அதே தடிமன். அதன்மேல் ஒரு சுற்று பாலித்தீன் சுற்றி, அதற்குமேல் பத்திரிகை அட்டையைப் பசை போட்டு உருட்டு. காய்ந்ததும் பாலித்தீனோடு வழுக்கி வெளியே வந்துவிடும். ஆஃப்டர்பர்னர் வாய் விரிந்து சுருங்கும் இதழ்களால் ஆனது. சேலை அட்டையில் மெல்லிய பட்டைகளாக வெட்டி, ஒன்றன்மேல் ஒன்று லேசாக ஏறும்படி சுற்றிலும் ஒட்டு. எண்ணிக்கை இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கணும், அவ்வளவுதான்.

பெரிய இன்ஜின் அதிகக் காற்றைக் குடிக்கும். அதனால் விமானியின் இரண்டு பக்கமும் இருக்கிற காற்று வாயை ஒரு மில்லிமீட்டர் வெளியே தள்ளு. அதற்குமேல் தள்ளாதே, முகமே மாறிப்போகும். அந்த வாய்க்குள் பாதிக் கூம்பு ஒன்று சுவரோடு ஒட்டி நிற்கும். மருத்தின் அடையாளமே அது. பென்சில் சீவினதும் வருகிற கூர்முனையை நெடுக்குவாட்டில் பாதியாக அறுத்து ஒட்டினால் சரியாக அமையும். இறக்கைக்கோ மூக்குக்கோ மூக்குப் பக்கத்தில் இருக்கிற நாலு 30 மி.மீ. ஏடன் பீரங்கிக்கோ கை வைக்காதே. இன்ஜின் மாறியதால் அவை மாறவேண்டிய நியாயம் இல்லை.

கண்ணாடிக் கூடும் சில்லறை வேலையும்

விமானி உட்காரும் கூண்டின் வடிவத்தை எம்–சீலில் பிடித்து, வழவழப்பாகத் தேய்த்து வை. அதை ஒரு பெட் பாட்டிலுக்குள் செருகி, ஹீட் கன் காட்டினால் பாட்டில் சுருங்கி அச்சை அப்படியே கவ்விக்கொள்ளும். வேண்டிய பாகத்தை வெட்டி எடு. ஹீட் கன் எலக்ட்ரீஷியனிடமோ செல்போன் சர்வீஸ் கடையிலோ இருக்கும்; பெரியவர்கள் பக்கத்தில் இருக்கும்போது செய். கேஸ் அடுப்பில் காட்டுகிற வேலை வேண்டவே வேண்டாம். ஒட்டும்போது ஃபெவிக்விக் கூடாது, அதன் ஆவி கண்ணாடியில் வெள்ளையாகப் படிந்துவிடும். ஃபெவிகால் போதும்.

சக்கரக் கால்களுக்கு என் கொண்டை ஊசியை எடுத்துக்கொள், கேட்டுவிட்டு எடு. சக்கரத்துக்கு இரண்டிரண்டு சட்டைப் பட்டனைச் சேர்த்து ஒட்டி ஓட்டையை அடை. பேனல் கோடுகளைத் தோல் போர்த்துவதற்கு முன்பே, மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் அட்டையில் அழுத்தி இழுத்துவிடணும். பிறகு பிளேடால் கீறினால் அட்டை நார் எழும்பும்.

பெயின்ட்

ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற காற்று நம்ம ஊரில் என்ன பண்ணும் என்று உனக்குத் தெரியும். ஸ்ப்ரே கேனை அழுத்தினால் பெயின்ட் பக்கத்து வீட்டுக் கொடியில் காயும் வேட்டிக்குப் போய்விடும், தெருப்புழுதி உன் விமானத்துக்கு வந்துவிடும். அந்த மாதங்களில் காற்று எழும்புவதற்கு முன், விடிகாலையில், மூணு பக்கம் மறைத்த அட்டைப்பெட்டிக்குள் வைத்து அடி. முகமூடி போட்டுக்கொள்.

முதலில் சாம்பல் நிறப் பிரைமர் லேசாக இரண்டு தடவை. அடித்ததும் அதுவரை கண்ணில் படாத குழி, மேடு எல்லாம் தெரியும். பட்டி வைத்து, காய்ந்தபின் உலர்ந்த உப்புத்தாளால் தேய். வாட்டர் பேப்பரைத் தண்ணீர் தொட்டுத் தேய்ப்பது பிரைமர் நன்றாக மூடின பிறகுதான். அட்டையில் தண்ணீர் இறங்கினால் அத்தோடு போச்சு.

மேலே கரும்பச்சையும் சாம்பலும் பட்டைபட்டையாக, கீழே வெளிர் சாம்பல். இது அந்தக் காலத்து மருத் படங்களில் பார்க்கிற உடுப்பு. கடையில் வாங்கின நிறத்தில் துளி வெள்ளை கலந்து பூசு. சின்ன உருவத்தில் நிறம் நிஜத்தைவிட இருண்டு தெரியும். மாஸ்கிங் டேப்பை ஒட்டுவதற்கு முன் ஒரு தடவை முன்கையில் ஒட்டி எடுத்தால் பசை குறையும், பெயின்டைப் பிய்க்காது. வால் பக்கம் மட்டும் பெயின்ட் இல்லாத உலோகமாக விடு. வெள்ளி நிறத்தின்மேல் குழாய் வாய்க்குக் கிட்டே பழுப்பு, அதை அடுத்து நீலம் துளித்துளியாகத் தேய்த்தால் சூட்டில் கறுத்த உலோகம் வந்துவிடும். பீரங்கி வாயருகே பென்சில் கரித்தூள். ராஜஸ்தான் புழுதிக்கு சாக்பீஸ் தூளில் காவி கலந்து சக்கரத்தின் பக்கம் கொஞ்சம் தடவு. அளவோடு நிறுத்து, அழுக்கு பூசிப் பழகினவர்கள் எல்லாரும் அதிகமாகவே பூசுகிறார்கள்.

வட்டச் சின்னத்துக்கு நம்பர் பிளேட் ஸ்டிக்கர் கடைக்குப் போ. காவி, வெள்ளை, பச்சை வினைலில் எந்த அளவு வட்டம் கேட்டாலும் மெஷினில் வெட்டிக் கொடுப்பார்கள். வெளியே காவி, நடுவில் வெள்ளை, உள்ளே பச்சை. அவசரத்தில் பச்சையை வெளியே போட்டுவிட்டால் பார்க்கிற முதல் ஆளே கண்டுபிடித்துவிடுவான். ஒன்றன்மேல் ஒன்று மூணு வட்டம் ஒட்டினால் திட்டாக எழும்பும். வளையமாக வெட்டித் தரச் சொல், ஒன்றுக்குள் ஒன்று உட்காரும். வாலில் இருக்கிற மூவர்ணப் பட்டையில் காவி முன்பக்கம். விமான எண்ணுக்கு நிஜ மருத் எதற்கும் இருந்த எண்ணைப் போடாதே. படையில் இல்லாத ஒரு எண்ணாகத் தேடிப் போடு. படைப்பிரிவு நிஜமாக இருக்கலாம். 10, 220, 31 இந்த மூணு பிரிவும்தான் மருத் ஓட்டின.

பெயர்ப்பலகை

பள்ளிக்கூடக் கண்காட்சியில் வைக்கிறாய் என்றால் இது கட்டாயம். ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி உன் மாடலைப் பார்த்துவிட்டு இந்தியாவிடம் 1971-ல் ஒலியைவிட இரண்டு மடங்கு வேகத்தில் போகிற மருத் இருந்தது என்று பரீட்சையில் எழுதிவிடக் கூடாது.

இரண்டு பத்தியாகப் பிரித்து எழுது. இடப்பக்கம் நடந்தது: குர்ட் டாங்க், எச்.ஏ.எல்., 1961, ஆர்ஃபியஸ் 703, 147 விமானங்கள், 1990. வலப்பக்கம் நீ கற்பனை செய்தது: ஆர்ஃபியஸ் 12, நீண்ட வால், அகன்ற காற்று வாய், என்ன வருஷம். மூணாவதாக ஒரு வரி உண்டு. மருத்தை முதன்முதலாகப் பறக்கவிட்ட குரூப் கேப்டன் சுரஞ்சன் தாஸ், ஆஃப்டர்பர்னர் பொருத்திய அந்த 1ஆர் விமானத்தைச் சோதிக்கையில் 1970 ஜனவரி 10 அன்று விபத்தில் இறந்துபோனார். மறைவுக்குப் பின் அவருக்குப் பத்ம விபூஷண் கொடுத்தார்கள். நீ கற்பனையில் பொருத்துகிற மாதிரி ஒரு ஆஃப்டர்பர்னருக்காக உயிரைக் கொடுத்தவர் அவர். அவர் பெயர் எழுதாத மருத் மாடலை, அது எவ்வளவு அழகாக வந்திருந்தாலும், கண்காட்சி மேஜையில் வைக்காதே.